ஆம்புலன்ஸ்காரர் கண்ட நாடகம்

தம் தொழிலைப் பற்றிய நாடகத்தைத் தாமே அமர்ந்து பார்ப்பது எவருக்கும் எளிதான செயலன்று. 1952ஆம் ஆண்டில் 'பராசக்தி' திரைப்படம் வெளிவந்தபோது அதன் நீதிமன்றக் காட்சியில் தமிழ்நாடே மெய்ம்மறந்தது. ஆனால் கறுப்பு அங்கி அணிந்து நாள்தோறும் நீதிமன்றம் சென்றுவந்த வழக்கறிஞருக்கு, "குற்றஞ்சாட்டப்பட்டவரை இவ்வளவு நேரம் பேசவிடும் நீதிபதி எந்த ஊரில் இருக்கிறார்?" என்ற ஐயம் எழுந்திருக்கக் கூடும். திரையில் நடிகர் ஏர் பிடிக்கும் அழகைக் கண்டு உழவர் சிரிப்பார். திரைப்பட வகுப்பறையைக் கண்டு ஆசிரியர் பெருமூச்சு விடுவார். இவையெல்லாம் சிரிப்போடும் பெருமூச்சோடும் முடிந்துபோகிற செய்திகள். நடிகர் ஏரைத் தவறாகப் பிடித்தால் அதனால் எந்த வயலிலும் விளைச்சல் குறைந்துவிடப் போவதில்லை.

ஒரு தொழிலின் நிலைமை மட்டும் அப்படியன்று. விபத்து நேர்ந்த இடத்திற்கு ஆம்புலன்சில் விரைந்து செல்வோரும், மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இரவு பகலாக நிற்கும் மருத்துவரும் செவிலியரும் தம்மைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர்களைக் காணும்போது அவர்களுக்கு என்ன தோன்றுகிறது? அதைப் பற்றியே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

புதுச்சேரி நகரிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில் மேற்கு நோக்கிச் சென்றால் ரெட்டியார்பாளையம் வரும். உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்த இப்பகுதியில் மாலை நேரத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சித் தொடரின் ஒலி கேட்கும். நெடுஞ்சாலையிலோ, கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனையை நோக்கியோ நகரத்து அரசு மருத்துவமனையை நோக்கியோ செல்லும் ஆம்புலன்சின் ஊதொலி கேட்கும். சில வேளைகளில் தொடரிலும் ஊதொலி, சாலையிலும் ஊதொலி. எது மெய், எது நடிப்பு என்று அறியச் சன்னலைத் திறந்து பார்க்கிறவர்களும் உண்டு.

எங்கள் தெருவில் ஆம்புலன்சில் மருத்துவ உதவியாளராகப் பணிபுரியும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். 108 ஊர்தியில் ஓட்டுநர் ஒருவரும் மருத்துவ உதவியாளர் ஒருவருமாக இருவர் செல்வர். ஓட்டுநரை 'பைலட்' என்று அழைப்பது அப்பணியின் வழக்கு. வானூர்தி ஓட்டுகிறவருக்குரிய பெயரைத் தரைவண்டி ஓட்டுகிறவருக்கு வைத்திருக்கிறார்களே என்று முதலில் நான் எண்ணியதுண்டு. விழுப்புரம் சாலையின் மாலை நெரிசலில் அவ்வண்டி செல்லும் விதத்தைக் கண்ட பின்னர் அப்பெயர் தகும் என்றே தோன்றிற்று. அந்த இளைஞருடைய தாயார் நாள் தவறாமல் தொடர் பார்ப்பவர். மருத்துவமனைக் காட்சி வந்துவிட்டால், "தம்பி, இங்கே வா. உன் வேலையைக் காட்டுகிறார்கள்" என்று மகனை அழைப்பார். மகன் வந்து ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "அது என் வேலை இல்லையம்மா" என்று சொல்லிப் போய்விடுவார். அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று ஒரு நாள் கேட்டேன். அன்று தொடங்கிய பேச்சு பல மாலைகள் நீடித்தது.

அவர் முதலில் சொன்னது இ.சி.ஜி. திரையில் தோன்றும் நேர்கோட்டைப் பற்றி. நேயர்கள் இக்காட்சியைப் பலமுறை கண்டிருப்பீர்கள். நோயாளியின் தலைமாட்டில் உள்ள கருவியில் மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருந்த கோடு திடீரென்று நேர்கோடாகிறது. நீண்ட ஓசை ஒன்று எழுகிறது. மருத்துவர் இரு கைகளிலும் மின்னதிர்ச்சிக் கருவியை ஏந்தி நோயாளியின் மார்பில் வைக்கிறார். உடல் துள்ளுகிறது. கோடு மீண்டும் ஓடத் தொடங்குகிறது. உறவினர் கண்ணீர் துடைக்கின்றனர். இக்காட்சியைக் காணும் அவசரப் பிரிவினர் உலகின் எம்மூலையில் இருந்தாலும் சிரித்துவிடுவார்கள். ஏனெனில் நேர்கோடாக நின்றுவிட்ட இதயத்திற்கு மின்னதிர்ச்சி தருவதில்லை, தந்தாலும் பயனில்லை.

காரணத்தை ஓர் உவமையால் விளக்கலாம். திருவிழாப் பந்தலில் நூறு தவில்கள் இருக்கின்றன என்று கொள்ளுங்கள். தாளம் தவறி, நூறு பேரும் தத்தம் போக்கில் முழக்கத் தொடங்கிவிட்டனர். பெருத்த இரைச்சல் உண்டு, இசை இல்லை. இதயத்தின் தசை நார்கள் இவ்வாறு ஒழுங்கின்றித் துடிக்கும் நிலை ஒன்று உண்டு. அப்போது இதயம் நடுங்குமே தவிர, குருதியை வெளியே தள்ளாது. மின்னதிர்ச்சி, "நிறுத்துங்கள்!" என்று இடும் ஒரு பெருங்குரலைப் போன்றது. நூறு பேரும் ஒரு கணம் அடங்க, தலைமைத் தவில்காரர் தாளத்தைப் புதிதாகத் தொடங்குகிறார். ஆனால் ஒருவருமே வாசிக்காத பந்தலில் நின்று "நிறுத்துங்கள்" என்று கூவி என்ன பயன்? நேர்கோடு என்பது அந்த அமைதியான பந்தல். அங்கே செய்யத்தக்கவை மார்பை அழுத்திக் குருதியை ஓடச் செய்வதும் உரிய மருந்தைச் செலுத்துவதுமே.

இப்பிழையை நாடகக்காரர்கள் விடாமைக்குக் காரணம் உண்டு. ஒழுங்கற்ற நடுக்கத்தின் கோணல் கோடுகளைக் கண்டு அதன் பொருளை உணரக் கூடியவர் மருத்துவம் பயின்றவரே. நேர்கோட்டின் பொருளோ குழந்தைக்கும் புரியும். நாடகத்திற்கு வேண்டியது உடனே புரிவது. ஆதலால் ஆம்புலன்ஸ்காரர்கள் இதை மன்னித்துவிடுகிறார்கள். எவர் வீட்டிலும் மின்னதிர்ச்சிக் கருவி இல்லை. தவறாகக் கற்றவர் அதைச் செய்து பார்க்கவும் வழியில்லை.

மார்பழுத்தத்தின் செய்தி அவ்வாறு அன்று. அதைச் செய்யக் கருவி வேண்டா; இரண்டு கைகள் போதும். 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த கூவன்ஹோவன், நிக்கர்பாக்கர், ஜூட் ஆகிய மூவரும் இம்முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். அதன்பின் இது உலகெங்கும் பரவியது. நடுமார்பில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கை மடங்காமல், உடலின் எடை முழுவதும் இறங்குமாறு, வளர்ந்தவரின் மார்பு 5 சென்டிமீட்டராவது தாழும்படி, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். இரண்டு நிமிடத்திற்குள் அழுத்துபவருக்கு மூச்சு வாங்கும். நோயாளியின் விலா எலும்பு முறிவதும் உண்டு.

தொடர்களில் இதை எப்படிக் காட்டுகிறார்கள்? நடிகர் முழங்கையை மடக்கி, மாவு பிசைவது போல மெல்ல மெல்ல அழுத்துகிறார். நான்கைந்து அழுத்தத்தில் நோயாளி இருமிக்கொண்டு கண் விழிக்கிறார். எங்கள் தெரு இளைஞர் இதைக் கண்டு சிரிப்பதில்லை. ஆனால் அவர் ஒரு நியாயத்தையும் ஒப்புக்கொள்கிறார். படுத்திருக்கும் நடிகர் உயிருள்ள மனிதர். அவர் மார்பில் மெய்யாகவே அழுத்தினால் அவருக்குக் கேடு விளையும். எனவே உயிருள்ளவரை வைத்து எடுக்கும் காட்சியில் இச்செயல் பொய்யாகத்தான் இருந்தாக வேண்டும். நடிகர் மேல் குற்றமில்லை. ஆயினும், அதைப் பார்த்துப் பழகிய கண், நாளை தன் தந்தை மயங்கி விழும்போது மெல்லத்தான் அழுத்தச் சொல்லும். ஆம்புலன்ஸ் வந்து சேரும் வரை செல்லும் ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்பற்றது. அந்நேரத்தில் நோயாளியின் அருகில் இருப்பவர் ஆம்புலன்ஸ்காரர் அல்லர். நேற்றிரவு தொடர் பார்த்தவர்.

இதை எண்ணாலும் காட்டலாம். 1996ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் டீம், லாண்டோஸ், டல்ஸ்கி என்னும் மூன்று மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 'ஈ.ஆர்.', 'சிகாகோ ஹோப்', 'ரெஸ்கியூ 911' என்ற மூன்று அமெரிக்கத் தொடர்களின் 97 பகுதிகளைப் பொறுமையாகப் பார்த்து, மார்பழுத்தம் செய்யப்பட்ட 60 நிகழ்ச்சிகளைக் குறித்துக்கொண்டனர். அவற்றில் 75 விழுக்காட்டினர் அந்நேரத்தில் பிழைத்தனர். 67 விழுக்காட்டினர் நலமாக வீடு திரும்பியதாகவே காட்டப்பட்டனர். மெய்யுலகிலோ, மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்று சிகிச்சை தொடங்கப் பெற்றவர்களில் வீடு திரும்புவோர் அமெரிக்காவிலேயே ஏறத்தாழப் பத்தில் ஒருவர். மற்றொன்றையும் அம்மருத்துவர்கள் கண்டனர். திரையில் இதயம் நின்றவர்களில் பலர் குழந்தைகளும் இளைஞர்களுமே. மெய்யாகவே இதயம் நின்றுபோவோரில் பெரும்பாலோர் இதய நோயுற்ற முதியவர்கள்.

பத்தில் ஒருவர் என்ற எண் சிறிது என்று எண்ணற்க. அழுத்தாமல் விட்டால் அந்த ஒருவரும் இல்லை. ஆனால் மூவரில் இருவர் பிழைப்பார் என்று திரை கற்பித்துவிட்டபடியால், பிழைக்காத ஒன்பது பேரின் உறவினர் யாரை நோக்குவர்? எதிரே வியர்த்து நிற்கும் ஆம்புலன்ஸ்காரரைத்தான். "நீங்கள் சரியாகச் செய்யவில்லை" என்ற சொல்லைக் கேட்டவர்கள் அப்பணியில் பலர். எங்கள் இளைஞரும் கேட்டிருக்கிறார். அச்சொல்லைத் தமக்குப் பெற்றுத் தருவதில் நாடகத்திற்கும் ஒரு பங்கு உண்டு என்பது அவர் கருத்து. நான் அதை மறுக்கவில்லை.

இப்படிச் சொல்வதால் அவசரப் பிரிவினர் நாடகத்தின் பகைவர் என்று நேயர்கள் கருதிவிடக் கூடாது. அவர்களுள் பலர் நாடகத்திற்குக் கடன்பட்டவர்கள். 1972ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்காவில் 'எமர்ஜென்சி!' என்ற தொடர் தொடங்கியது. லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத் தீயணைப்புத் துறையில், மருத்துவப் பயிற்சி பெற்று விபத்திடத்திலேயே சிகிச்சை தொடங்கும் இரு இளைஞர்களின் கதை அது. அக்காலத்தில் அமெரிக்காவில் அத்தகைய பயிற்சி பெற்றோர் இருந்த ஊர்கள் மிகச் சிலவே. அதற்கு முந்திய ஆண்டுகளில் பல ஊர்களில் ஈமச் சடங்கு நடத்தும் நிறுவனங்களே ஆம்புலன்சையும் ஓட்டிவந்தன. படுக்க வைத்து ஏற்றிச் செல்லும் நீண்ட வண்டி அவர்களிடந்தான் இருந்தது! பிழைத்தால் மருத்துவமனை, இல்லையேல் இருக்கவே இருக்கிறது மற்றத் தொழில். அந்நிலையில் இத்தொடரைக் கண்ட மக்கள், "எங்கள் ஊரில் இப்படி ஓர் ஏற்பாடு ஏன் இல்லை?" என்று கேட்கத் தொடங்கினர். ஜேம்ஸ் பேஜ் என்னும் தீயணைப்புத் துறை அலுவலர் அத்தொடருக்கு ஆலோசகராக இருந்து, காட்டப்படுவது நடைமுறைக்கு ஒத்திருக்குமாறு பார்த்துக்கொண்டார். அத்தொடரைப் பார்த்தே இத்தொழிலுக்கு வந்தோம் என்று பிற்காலத்தில் கூறிய அமெரிக்கர் பலர்.

பிரெஞ்சுத் தொடர்பு நீங்காத நம் புதுச்சேரியில் இருப்போர் மற்றொன்றையும் அறிந்துகொள்ளலாம். 'ஆம்புலன்ஸ்' என்ற சொல்லே பிரெஞ்சு நாட்டில் பிறந்தது. நெப்போலியனின் படை மருத்துவராகப் பின்னர் புகழ்பெற்ற லாரே, போர்க்களத்தில் காயமுற்றோரை உடனே எடுத்துவரக் குதிரை வண்டிகளை அமைத்தபோது அவற்றைப் 'பறக்கும் ஆம்புலன்ஸ்' என்றனர். அந்நாட்டில் 2018ஆம் ஆண்டில் 'இப்போக்ராத்' என்ற மருத்துவமனைத் தொடர் வெளிவந்தது. அதன் இயக்குநர் தோமா லில்தி தாமே மருத்துவர். 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றால் படப்பிடிப்பு நின்றபோது, அவர் மருத்துவ அங்கியை அணிந்துகொண்டு மருத்துவமனைப் பணிக்குச் சென்றார். அதே மாதங்களில் அமெரிக்காவில், படப்பிடிப்பிற்காக வாங்கி வைத்திருந்த முகக்கவசங்களையும் கையுறைகளையும் தொடர் தயாரிப்பாளர்கள் சிலர் மருத்துவமனைகளுக்கும் தீயணைப்பு நிலையங்களுக்கும் அனுப்பிவைத்தனர். நாடகத்திலிருந்து பொருள் பெற்று மெய்யான மருத்துவமனை நடந்தது என்பது விந்தையான செய்தியே.

2025ஆம் ஆண்டில் 'தி பிட்' என்ற அமெரிக்கத் தொடர் வெளிவந்தபோது, அவசரப் பிரிவு மருத்துவரும் செவிலியரும் பலர், "இதுதான் எங்கள் பணி" என்று பாராட்டினர். பிட்ஸ்பர்க் நகரத்து மருத்துவமனை ஒன்றில் ஒரே ஒரு நாள் பணியை, மணிக்கு ஒரு பகுதியாக அது காட்டுகிறது. காத்திருக்கும் அறையில் மணிக்கணக்காக அமர்ந்திருப்போர் உண்டு, படுக்கை இல்லை, செவிலியர் போதவில்லை, உணவு உண்ண நேரமில்லை. அதில் ஓரிடத்தில் முதியவர் ஒருவர் நோயாளியாக வருகிறார். பேச்சுவாக்கில் அவர் 'ஃபிரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸில் பணிபுரிந்தவர் என்பது தெரிகிறது. அது கற்பனை நிறுவனம் அன்று. 1967ஆம் ஆண்டில் பிட்ஸ்பர்க்கின் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில், வேலை கிடைக்காத கறுப்பின இளைஞர்களைக் கொண்டு தொடங்கப்பட்டது. உயிர்மீட்பு மருத்துவத்தின் முன்னோடியான பீட்டர் சாஃபர் அவர்களுக்கு உயர்ந்த பயிற்சி அளித்தார். 1975இல் நகராட்சி தன் சொந்தப் பணியைத் தொடங்கியபோது அது மூடப்பட்டது. அவ்விளைஞர்களின் பெயரும் மங்கிவிட்டது. அரை நூற்றாண்டு கழித்து ஒரு நாடகம் அவர்களை நினைத்தது. தம் தொழிலின் முன்னோரைத் திரையில் கண்ட ஆம்புலன்ஸ்காரர்களின் உள்ளம் எவ்வாறு இருந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2021இல் வந்த 'மும்பை டைரீஸ்' என்ற இந்தித் தொடர், 2008ஆம் ஆண்டு நவம்பர் 26 இரவின் அவசரப் பிரிவைக் களமாகக் கொண்டது. தமிழில் 2024இல் வந்த 'ஹார்ட் பீட்' பயிற்சி மருத்துவர்களின் வாழ்வைக் கூறியது. ஆனால் நம் இல்லங்களில் நாள்தோறும் ஓடும் தொடர்களில் மருத்துவமனை என்பது கதையின் நடுவே வந்துபோகும் ஓரிடமே. அங்கே மூன்று காட்சிகள் மாறாமல் வரும். பாம்பு தீண்டியவரின் காலைக் கதாநாயகன் வாயால் உறிஞ்சி நஞ்சைத் துப்புவான். விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிவந்தால், "இது போலீஸ் கேஸ், அவர்கள் வந்தால்தான் தொடுவோம்" என்று மருத்துவமனை வாயிலில் மறுப்பார்கள். ஆபத்தில் விழுந்தவரைக் காப்பாற்ற, பின்விளைவு கருதாமல் ஒருவர் பாய்ந்து செல்வார்.

முதலாவது, பாகூர், வில்லியனூர்ப் பக்கத்து வயல்வெளிகளில் இன்றும் கேடு செய்யக் கூடியது. வாயால் உறிஞ்சுவதாலும் கயிற்றால் இறுகக் கட்டுவதாலும் நன்மையில்லை. காலத்தையும் சில வேளைகளில் காலையும் இழப்பதே மிச்சம். காலை அசைக்காமல் வைத்து, நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைவதே வழி. இரண்டாவது காட்சி சட்டத்திற்கே புறம்பானது. 1989ஆம் ஆண்டில் பரமானந்த் கட்டாரா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், அடிபட்டு வருபவர் எவராயினும் அவருக்கு முதலில் சிகிச்சை அளிப்பது ஒவ்வொரு மருத்துவரின் கடமை, சட்ட நடைமுறை பின்னரே என்று தெளிவாகத் தீர்ப்புரைத்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவரை வழக்குத் தொல்லையிலிருந்து காக்கிறது. இத்தீர்ப்பு வந்து பல ஆண்டுகள் சென்றும், திரையில் அந்தப் பழைய வாயிற்காட்சி மாறவில்லை. அதைக் கண்டு அஞ்சியவர்கள் சாலையில் அடிபட்டவரைச் சுற்றி நிற்பார்களே தவிர, தொட மாட்டார்கள்.

மூன்றாவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2024ஆம் ஆண்டு சூன் 11ஆம் நாள் காலை, ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாளச் சாக்கடையிலிருந்து வீட்டுக் கழிப்பறைகளின் வழியே நச்சு வாயு வெளிவந்தது. மூன்று பெண்கள் உயிரிழந்தனர். அவருள் ஒருவர் 15 வயது மாணவி. கழிப்பறையில் மயங்கி விழுந்த மூதாட்டியைத் தூக்கச் சென்ற அவருடைய மகளும் அங்கேயே விழுந்து இறந்தார். தாய் விழுந்தால் மகள் ஓடாமல் இருப்பாளா? அதைக் குறை சொல்லும் நா எவருக்கும் இல்லை. ஆயினும் அவசரப் பணிக்குப் பயிற்சி பெறுவோருக்கு முதல் நாள் கற்பிக்கப்படும் முதற்பாடம் இதுதான்: காலடி வைக்கும் முன் இடத்தைப் பார். சாக்கடையில் பிறக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகிய முட்டையைப் போல நாறும். மிகுதியானால் மூக்கின் உணர்வையே அது மழுக்கிவிடும். நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்தும் நீங்கியது என்று மூக்கு பொய்ச் சான்று கூறும். காற்றைவிடக் கனமானதாதலால் தாழ்ந்த இடத்தில் தேங்கும். கழிப்பறைக் குழாயின் வளைவில் நிற்கும் சிறிதளவு நீரே அதனைத் தடுத்து நிறுத்தும் மூடி. அந்த வளைவு அமைக்கப்படாத இடத்திலும், அதில் நீர் வற்றிய இடத்திலும் தடை ஏதுமில்லை.

சாக்கடைக் குழியில் ஒருவர் மயங்க, அவரை எடுக்க இறங்கிய இரண்டாமவரும் மூன்றாமவரும் மாண்ட செய்திகளை நாளிதழ்களில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! அத்தகைய இடத்தில் மூச்சுக் கருவி அணிந்தவர் வரும்வரை ஆம்புலன்ஸ்காரர் வெளியே நிற்பார். கூட்டம் அவரைக் கோழை என்று ஏசும். ஏனெனில் கூட்டம் பார்த்துப் பழகிய கதாநாயகன் ஒருபோதும் வெளியே நின்றதில்லை; பாய்ந்த கதாநாயகன் ஒருபோதும் மயங்கி விழுந்ததுமில்லை. நாடகம் செய்யும் பிழைகளுள் இதையே மிகப் பெரிதாக எங்கள் தெரு இளைஞர் கருதுகிறார். நேர்கோட்டைப் பற்றிப் பேசும்போது சிரித்தவர், இதைப் பேசும்போது குரல் தாழ்ந்தார்.

அவருடைய பணியில் பெரும்பகுதி நாடகத்திற்கு உதவாதது. மகப்பேற்றுக்குச் செல்லும் பெண்கள், கழிவறையில் வழுக்கி விழுந்த முதியோர், சர்க்கரை குறைந்து மயங்கியோர், மூச்சுத் திணறும் குழந்தைகள். இரண்டாம் மாடியிலிருந்து குறுகிய படிக்கட்டில் கனத்த உடலை ஸ்ட்ரெச்சரில் இறக்குவது. மருத்துவமனை வாயிலில் நோயாளியை ஒப்படைக்கக் காத்திருப்பது. வண்டியைக் கழுவுவது. இறக்கிவிட்டு வந்தவர் பின்னர் பிழைத்தாரா என்பது பெரும்பாலும் அவர்களுக்குத் தெரியாது. அடுத்த அழைப்பு வந்துவிடும். தொடரில் ஒவ்வொரு நோயாளியின் கதையும் முடிவு பெறுகிறது. அதைக் கண்டு பொறாமையாக இருக்கிறது என்று அவர் ஒரு முறை சொன்னார்.

"நீங்கள் ஒரு காட்சி எழுதித் தொலைக்காட்சிக்குக் கொடுப்பதானால் எதை எழுதுவீர்கள்?" என்று அவரைக் கேட்டேன். மார்பழுத்தத்தையோ பிரசவத்தையோ சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சற்றும் தயங்காமல் விடை கூறினார். 108க்கு அழைப்பவர்கள் பதற்றத்தில், "சீக்கிரம் வாருங்கள்" என்றே பலமுறை சொல்வார்கள். எங்கே வருவது என்பதைச் சொல்வதில்லை. ஒரே பெயருள்ள தெருக்கள் உண்டு. குறுக்குத் தெருக்களின் எண்கள் மாறி மாறி வரும். இரவில் வீட்டு எண் தெரியாது. வண்டி அருகிலேயே வந்தும் வீட்டைத் தேடி இரண்டு மூன்று நிமிடங்கள் வீணாகும். "ஆகவே என் காட்சியில் மருத்துவரே இல்லை. வீட்டுக்குள் ஒருவர் மயங்கிக் கிடக்கிறார். மகள் மார்பை அழுத்திக்கொண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டு அண்ணி தொலைபேசியில் கோயில் பெயரையும் தெருப் பெயரையும் நிறுத்திச் சொல்கிறார். பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பையன் கைவிளக்கை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடிவந்து, பெரிய சாலையில் எங்கள் வண்டி திரும்பும் இடத்தில் நின்று விளக்கை ஆட்டுகிறான். நாங்கள் அவனைப் பார்த்துவிடுகிறோம். அவ்வளவுதான், ஐயா" என்றார்.